இரண்டு ஆள் டென்ட்

ஹுணிசெகெரெ ஏரி கேம்ப்பில் ஒற்றை ஆளுக்கு டென்ட் கிடையாது. குறைந்தது இரண்டு பேராவது இருக்க வேண்டும் என்று பாரத்திலேயே அச்சடித்திருந்தது. சகாயநாதன் அதைப் படித்துவிட்டுத்தான் மூன்று வாரத்துக்கு முன்பே மைசூர் ஆபீசில் போய்ப் பதிவு செய்தார். முதல் வரியில் எஸ். சகாயநாதன், வயது 47, ரயில்வே பட்டறை ஸ்டோர்ஸ் கிளார்க். இரண்டாவது வரியில் செலின், வயது 43, நர்ஸ். உறவு என்ற கட்டத்தில் 'மனைவி' என்று எழுதிவிட்டு, பேனாவை மூடிய பிறகும் அந்தச் சொல்லைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பொய் ஒன்றும் எழுதவில்லை. ஆனாலும் பிறத்தியார் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

அந்த வருஷம், தொண்ணூற்றாறில், குடியரசு தினம் வெள்ளிக்கிழமை வந்ததால் மூன்று நாள் விடுமுறை. சனிக்கிழமை மத்தியானம் அவர் தோள்பையும் பிளாஸ்க்குமாய்ப் போய் இறங்கியபோது கேம்ப் திருவிழா மாதிரி இருந்தது. பெங்களூர்க் கார்கள், பாட்மிண்டன் மட்டைகள், ஏரிக்கரையில் வரிசையாக இருபது வெள்ளை டென்ட். பொறுப்பாளர் லிங்கப்பன், "எரடு ஜனா?" என்று, இரண்டு பேரா என்பதைக் கன்னடத்தில் கேட்டு ஆரம்பித்தவர், பாரத்தில் பேரைப் பார்த்ததும் தமிழுக்கு மாறிக்கொண்டார். குண்டலுபேட்டைக்காரர். ஊட்டி லாரிக்காரர்களோடு பழகிப் பழகி வந்த தமிழ்.

"மேடம் எங்கே சார்?"

"ஹனூர்லேர்ந்து வராங்க. நாலு பத்து பஸ்."

லிங்கப்பன் மேஜை இழுப்பறையிலிருந்து ரூபாய் நாணய அகலத்தில் இரண்டு பித்தளைப் பில்லைகளை எடுத்து வைத்தார். முப்பத்தொன்று, முப்பத்திரண்டு.

"இது உங்களுக்கு, இது மேடத்துக்கு. கேட்ல காட்டினாத்தான் உள்ள விடுவாங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு மணி அடிப்போம். அவங்கவங்க பில்லைய அவங்கவங்களே வந்து இந்தப் பலகையில மாட்டணும். புருஷன் மாட்டறேன், தங்கச்சி மாட்டறாள்ங்கறதெல்லாம் இங்க நடக்காது. ஒரு ஆணி காலியா இருந்தா பரிசல் தண்ணியில எறங்கிடும்."

"அவ்வளவு கண்டிப்பா?"

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் ஒத்தையா வந்தார் சார். நல்ல மனுஷன். ராத்திரி எங்ககூட உக்காந்து சீட்டாடினார், நல்லா சிரிச்சார். காலையில பார்த்தா கரையில செருப்பு மட்டும்தான் இருந்தது." லிங்கப்பன் நிமிர்ந்து அவரை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். "அன்னிக்கு வெச்ச ரூல்ஸ்தான் இதெல்லாம்."

சகாயநாதன் இரண்டு பில்லைகளையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அவருக்கும் செலினுக்கும் சண்டை என்று எதுவும் இல்லை. சண்டை நடந்திருந்தால் யாராவது வந்து சமாதானம் பேசியிருப்பார்கள். காந்திநகர் வீட்டில் பத்தொன்பது வருஷம் இருந்தார்கள். பிள்ளை இல்லை. காலையில் அவர் பட்டறைக்கு, அவள் ஆஸ்பத்திரிக்கு. நைட் டியூட்டி என்றால் அவர் வரும்போது அவள் போயிருப்பாள். கேஸ் சிலிண்டருக்கு எழுதிப் போட்டாயா, ரேஷன் வந்ததா, குழம்பு மூடியிருக்கிறது, இப்படித்தான் பேச்சு. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் கேட்டாள்: "இந்த வீட்டுல நான் இருக்கேன்னு உங்களுக்குத் தெரியுதா?" அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "ஏன், உடம்பு சரியில்லையா?" என்றார். அதற்கு அடுத்த மாதம் ஹனூரில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் சின்ன ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேண்டுமாம் என்று பெட்டி கட்டினாள். ஆறு மாசத்துக்குத்தான் என்றாள். ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. மாதம் ஒரு கார்டு வரும். சௌக்கியம், மழை பெய்தது, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நாலாவது வரி இருக்காது.

ஏரியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. ஏழெட்டு வருஷத்துக்கு முன் ஒரு கல்யாணத்துக்குக் கொள்ளேகாலம் போகையில் பஸ் இந்த கேட்டில் நின்றது. செலின் ஜன்னல் வழியாக டென்ட்டுகளைப் பார்த்துக்கொண்டே, "ஒரு நாள் இதுல வந்து படுத்துப் பாக்கணும்ங்க" என்றாள். அவர், "வீடு இல்லாதவன்தான் துணியக் கட்டிக்கிட்டுப் படுப்பான்" என்றார். முன் சீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஆகவே எழுதினார். எந்த பஸ், எத்தனை மணி, எங்கே இறங்க வேண்டும், எல்லாம் விவரமாக. கடைசியில்: 'நீ வந்தால் பேசிக்கொள்ளலாம். எவ்வளவு நேரம் ஆனாலும் கேட்கிறேன். வராவிட்டால் உன் முடிவு அதுதான் என்று எடுத்துக்கொள்வேன். அதன்பிறகு கடிதம் எழுதியோ வேறு விதமாகவோ உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.' கையெழுத்துப் போட்டு, இன்லண்டை ஒட்டி, தபால் பெட்டிக்குள் அது விழுந்த சத்தம் கேட்டதும்தான், கடைசி வாக்கியத்தை எழுதாமல் இருந்திருக்கலாமே என்று பட்டது. பெட்டிக்குள் கை நுழையாது.

நாலு பத்து பஸ் நாலே காலுக்கு வந்தது. ஒரு கிழவர் ஆட்டுக்குட்டியோடு இறங்கினார். ஒரு காலேஜ் கூட்டம் இறங்கியது. அவ்வளவுதான்.

கேட்டுக்கு எதிரே கமலம்மாள் என்று ஒருத்தி டீக்கடை வைத்திருந்தாள். கொள்ளேகாலத்துப் பக்கத்துப் பேச்சு. சகாயநாதன் டீயை வாங்கிக்கொண்டு, அடுத்த பஸ் எப்போது என்று கேட்டார்.

"அஞ்சே முக்காலுக்குங்க. அதுதான் கடேசி. யாரு வாராங்க?"

"வீட்டுல. ஹனூர்லேர்ந்து."

"எப்பிடி இருப்பாங்க? பாத்தா சொல்றனுங்க."

"நடுத்தர உயரம். கண்ணாடி போட்டிருப்பாங்க."

"ஒல்லியா, தாட்டியா?"

ஒன்றரை வருஷத்தில் எப்படி ஆகியிருப்பாளோ. "நடுத்தரம்."

"என்ன சீலைங்க?"

"தெரியாது."

கமலம்மாள் வடிகட்டியைத் தட்டிக்கொண்டே சிரித்தாள். "கட்டின பொஞ்சாதிக்கு இதானுங்களா அடையாளம்? தபால்காரன் இன்னும் நல்லாச் சொல்லுவானுங்க."

அவருக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தெரியாமல் டீயை ஊதினார். பிறகு முப்பத்திரண்டாம் பில்லையை எடுத்து அவளிடம் கொடுத்தார். ஒருவேளை வேறு வண்டியில் முன்னாலேயே வந்துவிட்டால், இது இல்லாமல் கேட்டில் விடமாட்டார்கள். வந்தால் கொடுத்துவிடுங்கள், கடைசிக்கு முந்தின டென்ட் என்று சொல்லுங்கள் என்றார்.

"சேரிங்க" என்று முந்தானை நுனியில் முடிந்துகொண்டாள்.

ஐந்து மணிக்கு லிங்கப்பன் நோட்டுப் புத்தகத்தோடு டென்ட் டென்ட்டாக வந்தார். அவர் பின்னால் ஒரு பெங்களூர்க் குடும்பம் மூட்டை முடிச்சோடு நின்றுகொண்டிருந்தது. இடம் கிடைக்காதவர்கள்.

"மேடம் வந்தாச்சா சார்? அஞ்சு மணிக்கு ஆள் இல்லேன்னா டென்ட்ட மாத்திக் கொடுத்துடணும். தப்பா எடுத்துக்காதீங்க."

இருபத்துநாலு வருஷ சர்வீசில் ஒரு போல்ட் குறைந்தால்கூடக் குறைகிறது என்றே எழுதிப் பழகியவர் சகாயநாதன். பெங்களூர்க் குடும்பத்தைப் பார்த்தார். டென்ட்டுக்குள்ளே இரண்டு கட்டிலிலும் அவர் விரித்து வைத்திருந்த போர்வைகளைப் பார்த்தார். கடைசி பஸ்ஸில் அவள் வந்து இறங்கும்போது டென்ட் இல்லையென்று எப்படிச் சொல்வது?

"வந்துட்டாங்க" என்றார். "தண்ணிப் பக்கம் போயிருக்காங்க."

லிங்கப்பன் டிக் அடித்துக்கொண்டு போனார்.

ஐந்தரைக்கே கேட்டுக்குக் கிளம்பினார். பாதி வழியில் பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது. லீவு நாளில் கூட்டத்தைப் பொறுத்து முன்னே பின்னே வருமாம். அது அவருக்குத் தெரியாது. ஓடினார். ரோட்டில் தூசிதான் இருந்தது. டீக்கடையில் சாக்குப் படுதா இறக்கிக் கட்டியிருந்தது. கமலம்மாள் தினமும் அந்தக் கடைசி பஸ்ஸில்தான் தன் ஊருக்குப் போவாள் என்று கேட் காவலாளி கெம்பையன் சொன்னான்.

"யாராவது இறங்கினாங்களா கெம்பையா?"

"ஏழெட்டு ஜனம் இறங்குச்சு சார்."

"கண்ணாடி போட்ட ஒரு அம்மா?"

கெம்பையன் தலையைச் சொறிந்தான். "பில்லெ இருந்தவங்க உள்ள போனாங்க. மூஞ்சி எங்க சார் பாக்கறது, இந்தக் கூட்டத்துல?"

பில்லை இருந்தவர்கள் உள்ளே போனார்கள். அப்படியென்றால்? சகாயநாதன் திரும்பி டென்ட்டுக்கு ஓடினார். உள்ளே யாரும் இல்லை. இரண்டு போர்வையும் மடிப்புக் கலையாமல் கிடந்தன. அப்போது ஆபீஸ் வாசலில் தொங்கிய தண்டவாளத் துண்டில் ஆறு மணி அடித்தார்கள்.

எல்லாரும் வரிசையில் வந்து பில்லையை மாட்டினார்கள். அவரும் மாட்டினார். கால் மணி நேரத்தில் பலகை நிரம்பிவிட்டது. முப்பத்திரண்டாம் ஆணி மட்டும் காலி.

"சார், மேடம்?" என்றார் லிங்கப்பன்.

அந்த இடத்தில் உள்ளதைச் சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பக்கத்து டென்ட்டுப் பெண் முந்திக்கொண்டாள். லீலா என்று பேர், மைசூரில் கடை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பம். கூட வந்திருந்த புருஷன் சந்திரன் வாயைத் திறக்க அவள் விட்டதே இல்லை.

"அண்ணா, கண்ணாடி போட்ட அக்காதானே? நீலச் சீலை? மணி அடிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் பாத்தேன்! அந்தப் பாறைகிட்ட, தண்ணியில காலை விட்டுக்கிட்டுத் தனியா உக்காந்திருந்தாங்க. நான் சிரிச்சேன், அவங்களும் சிரிச்சாங்க."

சகாயநாதனுக்குக் காது அடைத்துக்கொண்டது. வந்துவிட்டாள். பில்லையை வாங்கிக்கொண்டு, டென்ட்டுக்கு வராமல், நேரே தண்ணீரிடம் போய் உட்கார்ந்திருக்கிறாள். அப்படிச் செய்யக்கூடியவள்தான். அவளிடமும் ஒரு நீலச் சேலை உண்டு. ஈஸ்டருக்கு எடுத்தது. அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு வந்தது. அப்படியே சிரித்துக்கொண்டு ஏரிப் பக்கம் திரும்பினார். பாறை தெரிந்தது. பாறைமேல் யாரும் இல்லை. தண்ணீர் ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டு வந்தது.

"கெம்பையா! பரிசல் எறக்கு!" என்று லிங்கப்பன் கத்தினார்.

மூன்று பரிசல் இறங்கின. கேம்ப் முழுக்க டார்ச்சும் பெட்ரோமாக்ஸுமாய்க் கரைக்கு வந்துவிட்டது. காலேஜ் பையன்கள் பாட்டை நிறுத்திவிட்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார்கள். "செலின் மேடம்!" "செலின் அக்கா!" என்று யார் யாரோ கூப்பிட்டார்கள். அவளை ஒரு நாளும் பார்த்திராதவர்கள்.

சகாயநாதன் பாறைமேல் ஏறி நின்று கூப்பிட்டார். "செலின்!" வீட்டில் அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'இந்தா', 'கேக்குதா' என்றுதான். அந்தப் பேர் தொண்டையில் புதிதாக இருந்தது. "செலின்! ஏ செலின்!" எதிர்க்கரைக் குன்றில் பட்டு அது திரும்பி வந்தது. வழுக்கி முழங்கால் சிராய்த்தது. செருப்பு எங்கே போயிற்றோ. மாதாவே, என்ன வேண்டுமானாலும் எடுத்துக்கொள், இவளை வேண்டாம் என்று வேண்டிக்கொண்டு, மறுபடியும் கூப்பிட்டார். குரல் கம்மிப் போகும்வரை கூப்பிட்டார்.

அரை மணி நேரம் போயிருக்கும். பாறைக்குக் கீழே லீலாவின் குரல், "அய்யோ கடவுளே! இவங்கதான்!" என்றது.

சகாயநாதன் விழுந்து புரண்டு கீழே வந்தார். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நீலச் சேலையில், கண்ணாடி போட்டு, கையில் டார்ச்சோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். பெங்களூரில் டீச்சராம். அவளும் இவ்வளவு நேரம் எல்லாரோடும் சேர்ந்து செலினைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். தன் பில்லையை முதல் ஆளாக மாட்டியவள்.

"நான் பாத்தது இவங்களைத்தான் அண்ணா" என்றாள் லீலா. குரல் இறங்கிவிட்டது. "அப்ப செலின் அக்கா?"

லிங்கப்பன் கிட்டே வந்து அவர் தோளைப் பிடித்தார். "சார், பதறாம சொல்லுங்க. மேடத்தை நீங்க கடைசியா எப்ப பார்த்தீங்க?"

சகாயநாதனுக்குப் பொய் எதுவும் மிச்சமில்லை.

"ஒன்றரை வருஷம் ஆச்சு" என்றார்.

யாரோ ஒரு பையன் சிரிக்கப்போய் நிறுத்திக்கொண்டான். பிறகு அவர் துண்டு துண்டாகச் சொன்னார். கடிதம், பஸ், டீக்கடைக்காரியிடம் கொடுத்த பில்லை. வந்தாளா இல்லையா என்று தனக்கே தெரியாது என்றும் சொன்னார். லிங்கப்பன் கெம்பையனைக் கமலம்மாள் ஊருக்கு மொபெட்டில் அனுப்பினார். பரிசல்கள் மட்டும் தண்ணீரிலேயே இருந்தன.

கெம்பையன் வந்து சேர முக்கால் மணி ஆனது. உள்ளங்கையை விரித்துக் காட்டினான்.

"யாரும் கேக்கலியாம் சார். கமலம்மா சேலையிலயே முடிஞ்சிருந்தது. வண்டி வந்ததும் ஏறிட்டாங்க, இது ஞாபகம் இல்ல."

வரவில்லை. ஏரியில் இல்லை. இந்நேரம் ஹனூரில் வார்டில் யாருக்காவது ஊசி போட்டுக்கொண்டிருப்பாள், உயிரோடு. அவள் வராமல் போனதற்காகச் சகாயநாதன் மாதாவுக்கு நன்றி சொன்னார். மனதுக்குள் சொல்லி முடித்த பிறகுதான், எதற்கு நன்றி சொன்னோம் என்பது உறைத்தது. அங்கேயே ஈர மணலில் உட்கார்ந்துவிட்டார்.

ஜனங்கள் கலைந்தார்கள். நனைந்த பையன்கள் தலையைத் துவட்டிக்கொண்டு அவரைத் தாண்டிப் போனார்கள். ஒருத்தரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. லிங்கப்பன் மட்டும், "உங்க வயசுக்கு நான் என்ன சார் சொல்றது?" என்றார். பிறகு ஒத்தை ஆளுக்கு டென்ட் இல்லையென்ற ரூல்ஸ் அவருக்கு ஞாபகம் வந்தது. இந்த நேரத்துக்கு மேல் பஸ்ஸும் இல்லை. யோசித்துவிட்டு, "கெம்பையா, நீ இன்னிக்கு சார் டென்ட் வாசல்ல படு" என்றார்.

"எனக்கு அப்படி ஒண்ணும் எண்ணம் இல்ல" என்றார் சகாயநாதன்.

"அவரும் அப்படித்தான் சார் சொல்லியிருப்பார்."

லீலா ஒரு தட்டில் புளியோகரையும் அப்பளமும் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் எதிர்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். சந்திரன் வெளியே நின்றான்.

"சாப்பிடுங்க அண்ணா. பாறை மேல நின்னு கூப்பிட்டீங்களே. இவர்கூட என்னை அப்படிக் கூப்பிட மாட்டார்."

"நீ எங்கடி தொலைஞ்சே, கூப்பிடறதுக்கு?" என்றான் சந்திரன் வெளியிலிருந்து.

"நீங்க சும்மா இருங்க. அண்ணா, ஹனூர் இங்கேருந்து எவ்வளவு தூரம்?"

"அறுபது கிலோமீட்டர் இருக்கும்."

"ஒன்றரை வருஷத்துல ஒரு தடவை போய்ப் பாத்தீங்களா?"

"லெட்டர் போட்டேம்மா. மாசாமாசம்."

"லெட்டர் சரி. போனீங்களா?"

அவர் புளியோகரையைப் பிசைந்துகொண்டே இருந்தார். அது ஏற்கனவே பிசைந்த சாதம்தான்.

"அவங்க கூப்பிடல" என்றார் கடைசியில்.

"ஆமா, கூப்பிடுவாங்க" என்றாள் லீலா. கேலியா கோபமா என்று தெரியவில்லை. எழுந்து போய்விட்டாள்.

இரவெல்லாம் கெம்பையன் வாசலில் பீடி பிடித்துக்கொண்டு கிடந்தான். அவர் புரண்டு படுத்தால் "சார்?" என்பான். "இருக்கேன்" என்பார். எத்தனையோ நாளைக்குப் பிறகு, அவர் இருக்கிறாரா என்று ஒரு ஆள் கேட்டுக்கொண்டிருந்தான். அதுவும் வேலையாகத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பையை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தார். யாரோ தேடிக் கொடுத்த செருப்பில் ஒன்றின் வார் அறுந்திருந்தது. மைசூர் பஸ் முதலில் வந்தது. நேரே போனால் ஒன்பது மணிப் பூசை கிடைக்கும். பிறகு ஓட்டலில் சாப்பாடு, துணி துவைப்பது, திங்கட்கிழமை பட்டறை. கண்டக்டர் படியில் நின்று கையை ஆட்டினான். இனி தொந்தரவு செய்ய மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அதுவும் அவர் கையெழுத்தில் அவளிடம் இருக்கிறது. எழுதிக் கொடுத்த ஒன்றை அவர் இதுவரை மீறியதில்லை.

"வரீங்களா இல்லையா?"

சகாயநாதன் இல்லையென்று தலையை ஆட்டினார். பஸ் போய்விட்டது. அவர் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்றார்.

கொள்ளேகாலம் வண்டியில் ஜன்னல் சீட் கிடைத்தது. அவள் கதவைத் திறக்காமலே போகலாம். திறந்து, எதுக்கு வந்தீங்க என்று கேட்கலாம். அப்போது முதலில் என்ன சொல்வது? கடிதம் என்றால் மேலே தேதியும் ஊரும் போட்டு, அன்புள்ள செலினுக்கு என்று தொடங்கிவிடலாம்; அடுத்த வாக்கியம் தானாக வரும். நேரில் போய் நிற்கிறவனுக்கு அப்படி ஒன்றும் இல்லை. மனதுக்குள் நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தார். எல்லாமே ஆபீஸ் கடிதம் மாதிரி இருந்தது. கொள்ளேகாலத்தில் இறங்கி நின்றபோதும் பிடிபடவில்லை. ஹனூர் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. அறுந்த செருப்பை இழுத்துக்கொண்டு போய் அதில் ஏறினார்.